லிஃப்டில் குறைந்த ஏழு கிலோ

இயற்பியல் வாத்தியார் பெல்ட்டைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் எடை மெஷினின் முள் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. மாட்டிக்கொண்டு பார்த்தால் அதே எண்பத்துநாலு கிலோ.

மனைவியோடு போட்ட பந்தயம் அன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. ஒரு மாதத்தில் நாலு கிலோ குறைக்காதவர் மூன்று மாதம் எண்ணெயையும் சர்க்கரையையும் தொடக் கூடாது. எழுபதில் இருந்த மனைவி, முள் அறுபத்துநாலைக் காட்டும் படத்தை நேற்றே அனுப்பிவிட்டு ஜம்மென்று ஆபீசுக்குப் போய்விட்டாள். வாத்தியாருக்கோ பொரித்தது இல்லாமல் ஒரு வாய் இறங்காது.

பாடம் நடத்துகிறவருக்கா வழி தெரியாது? எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.

“கீழேயா சார்?” என்றார் லிஃப்ட்காரர். மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“கீழேதான்.”

லிஃப்ட் கிளம்பியதும் முள் எழுபத்தேழுக்குச் சரிந்தது. வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். அந்தப் பூரிப்பில் பையைத் துழாவி போனை எடுத்து, படம் பிடித்து, பார்க்காமலே அனுப்பியும் விட்டார். அதற்குள் லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்க ஆரம்பித்திருந்தது. நிற்கும்போது முள் ஏறும் என்று அவரே வருஷா வருஷம் வகுப்பில் சொல்வார்.

போன் அலறியது. “தொண்ணூத்தொண்ணா? காலையில எண்பத்துநாலுன்னீங்க! எதை முழுங்கினீங்க?”

“அது தப்பான படம். இரு, சரியானதை அனுப்பறேன்.”

மேலே போய், மறுபடி கீழே வந்து, இந்த முறை குறி தப்பாமல் எழுபத்தேழைப் பிடித்து அனுப்பினார்.

“பத்து நிமிஷத்துல பதினாலு கிலோ இறங்கிடுச்சா? ஐயோ! அசையாம உட்காருங்க, டாக்டரோட வர்றேன்!”

சொன்னபடியே வந்தாள். லிஃப்ட்காரரின் ஸ்டூலில் வாத்தியாரை உட்காரவைத்து, டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், ஊசியை எடுத்தார். ஊசியைக் கண்டதும் வாத்தியார் உண்மையைக் கக்கிவிட்டார்.

“என் உடம்போட நிறை மாறவே இல்ல டாக்டர். பூமி இழுக்குது, மெஷின் தாங்குது. லிஃப்ட் கீழே கிளம்பும்போது மெஷினும் கூடவே நழுவுது, அதனால கொஞ்சம் குறைவாத் தாங்குது. அவ்வளவுதான். நிலாவுல இழுப்பே கம்மி, அங்கே போய் ஏறி நின்னா பதினாலுதான் காட்டும். ஆனா தொப்பை இதேதான்.”

“அப்போ நிலாவுலயே போய்ச் சாப்பிடுங்க! இங்கே மூணு மாசத்துக்கு வேகவெச்ச காய்தான்,” என்றாள் மனைவி. “ஒரு வாத்தியார் செய்யற வேலையா இது? நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் குறைச்சேன்!”

வாத்தியார் தலை குனிந்தார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. டாக்டர் பையை மூடினார்.

லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“நீங்களே எதுக்கு சார் எடுத்தீங்க? போனை என்கிட்ட குடுத்திருந்தா முதல் தடவையே சரியா எடுத்திருப்பேனே, நேத்து இந்த அம்மாவுக்கு எடுத்த மாதிரி!”