என் குரலைப் புகழ்ந்த காற்றாலைக் கம்பெனி

உர்க் துறைமுகம், நெதர்லாந்து,
சனிக்கிழமை

மரியாதைக்குரிய தியூனிஸ் மச்சானுக்கு, உங்கள் தங்கை ஃபெம்மியைக் கட்டிய உரிமையில் இன்னும் உறவு கொண்டாடும் ரீகெல்ட் எழுதுவது.

இங்கே நானும் ஃபெம்மியும் சுகம். அவள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. நீங்கள் சுகமாக இருப்பது நேற்றே தெரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் அத்தனை வேகமாகத் தெருவின் எதிர்ப்பக்கம் தாண்டினீர்களே, முழங்கால் வலிக்காரரால் அது முடியாது. போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குத் தபால்தலை ஒட்டுகிறேன். போன ஞாயிறு சர்ச்சில் பிரசங்கம் தொடங்கியபோது உங்கள் புதினா மிட்டாய்ப் பொட்டலம் வரிசை முழுக்கப் போய், என்னை மட்டும் தாண்டிச் சென்றது. ஊரே பார்த்தது.

கடல் காற்றாலைகளுக்கு எதிரான கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான், மறுக்கவில்லை. வடகடலில் நாக்கு மீன் கிடைத்த இடத்திலெல்லாம் தூண் நட்டார்கள், தூண் அடித்த சத்தத்தில் டால்பின்கள் ஓடின, சுற்றிப் போய் வருவதற்குள் டீசல் என் பிழைப்பைக் குடித்தது, வலசைப் பறவை வரும் ராத்திரியில் காற்றாலை இறக்கையை நிறுத்துகிறார்கள், நமக்காக ஒருநாள் நிறுத்தியதுண்டா, காற்று மிஞ்சினால் மின்சாரம் வாங்க ஆளில்லை என்று நிறுத்துகிறார்கள், காற்றே இல்லாவிட்டால் அதுவாக நிற்கிறது, வீட்டுக்கு வரும் கரண்ட் பில் மட்டும் நிற்பதேயில்லை. இத்தனையும் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினால், கம்பெனிக்காரர் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "உங்க குரல் கணீர்னு இருக்குங்க. காவல் படகுக்கு இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். மச்சான், அதுவரை என் குரலை யாரும் புகழ்ந்ததில்லை. நான் என்ன செய்ய?

வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் படகு தூண்களை நெருங்கியது. "மீன்பிடிப் படகு கவனிக்கவும், இது தடைசெய்யப்பட்ட பகுதி, திரும்பிச் செல்லவும்" என்று ரேடியோவில் யாரோ போல மூக்கால் பேசினேன். "மாப்ளே, சளி புடிச்சிருக்கா?" என்று நீங்கள் கேட்டதும் ரேடியோ வைத்திருந்தவன் எல்லாம் சிரித்தான். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் நான் அடுப்பில் பன்றி இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ விட்ட பழைய வலை என் படகின் அடியில் சுற்றி எஞ்சின் அணைந்து, யாரையும் விடக்கூடாத அந்த இடத்துக்குள்ளேயே காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போனது. தூண் கிட்டே வர வர எனக்குக் கம்பெனி நினைவு வரவில்லை, உங்கள் நினைவுதான் வந்தது.

"மச்சான், வாங்க, பயமாயிருக்கு."

"அது தடை பண்ணின எடம்னு சொன்னியே?"

"அய்யோ வாங்க மச்சான்."

வந்தீர்கள், கயிறு வீசினீர்கள், இழுத்துக் காப்பாற்றினீர்கள். உள்ளே நுழைந்த படகு எதுவானாலும் கம்பெனிக்கு எழுதித் தரவேண்டியது என் வேலை. எழுதினேன். உங்கள் படகை எழுதினேன், என் படகை எழுத மறந்துவிட்டேன். அதனால்தான் உங்களுக்குக் கம்பெனியின் அந்த எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்படி ஒரு ஜென்மத்துக்கா பெண் கொடுத்தோம் என்று நீங்கள் நினைத்தால் நியாயம்தான். நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வேலை இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து வழக்கம்போலக் காப்பிக்கு வாருங்கள். நீங்கள் இல்லாமல் காப்பி தொண்டையில் இறங்க மறுக்கிறது. உங்கள் மனைவி ஹில்ட்யே அக்காவுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் வலையையும் முழங்காலையும் காப்பாராக.

என்றும் உங்கள்,
ரீகெல்ட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கம்பெனியிலிருந்து போன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், இரண்டாவது காவல் படகு வேண்டும், நம்பிக்கையான ஆள் உண்டா என்றார்கள். வாயில் உங்கள் பெயர் வந்துவிட்டது. ஃபெம்மியைப் பார்க்க வந்திருந்த அக்கா, "வருவாருன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து நாம் இருவரும்தான். நாம் யாரைத் தடுக்கப் போகிறோம் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள், மச்சான். இந்த வருஷம் அந்தப் பக்கம் வலை போட வந்தது உங்கள் படகு ஒன்றுதான்.