தூதருக்கு ஒரு பங்காளி

வியாழக்கிழமைக்குள் ஆமத்தூரில் ஒரு பங்காளியைக் கண்டுபிடித்தாக வேண்டும். தன்னுடைய பங்காளி என்றால் சீனிவாசகம் நேரே கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார். இது அடுத்த நாட்டுக்காரருடைய பங்காளி.

சீனிவாசகம் சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறவர். அதோடு இந்திய-தீவு நட்புறவுக் கழகத்தின் விருதுநகர் மாவட்டத் தலைவர். வேறு மாவட்டங்களில் அந்தக் கழகம் கிடையாது. கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம் சனங்கள் அங்கேயே தங்கிப் பெருகிய தீவு அது. பெயரை எழுதினால் இருநாட்டு உறவு கெடும் என்பதால் தீவு என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தத் தீவு தென்மாவட்டங்களுக்கு ஒரு கௌரவத் தூதரை நியமிக்கப்போவதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. அன்றைக்கே சீனிவாசகம் தன் காரின் முகப்பில் கொடி கட்ட ஒரு சின்னக் கம்பியைப் பற்றவைத்துவிட்டார். பதவி வரும்வரை மரியாதைக் குறைவு நேரக்கூடாது என்று அதற்குத் துணியில் ஓர் உறையும் தைத்துப் போட்டார். பார்த்தவர்கள், "காருக்கு என்ன அண்ணாச்சி, அடி பட்டிருச்சா?" என்று விசாரித்தார்கள்.

கம்பியை அறுத்துவிடலாம். காலண்டரை என்ன செய்வது? சீசன் யாருக்காகவும் நிற்காது. வரும் வருஷத்துக்கான அன்பளிப்புக் காலண்டர்களில், அலையலையாக வாரிய தலையோடு தன் படத்தைப் போட்டு, அதன் கீழே 'கௌரவத் தூதர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்து, ஈரோட்டுக்கும் சென்னைக்கும் லோடு அனுப்பியாகிவிட்டது. பதவி வராமல் போனால் வருஷம் முழுக்க ஊர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தினம் ஒரு தாள் கிழிக்கும்.

பரிந்துரை செய்ய வேண்டியவர் தூதரகத்தின் கலாச்சார அதிகாரி ழான் வேலாயுடோம். வேலாயுதம் கடல் தாண்டியதில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. தன் கொள்ளுத்தாத்தா ஆமத்தூர்ப் பக்கத்துக்காரர் என்றும், அங்கே ஒரு ரத்த உறவையாவது கட்டித் தழுவிய பிறகுதான் மற்றதைப் பேச மனம் வரும் என்றும் அவர் போனில் சொல்லிவிட்டார்.

"நூறு வருசத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி. பங்காளி யாருன்னு அவருக்கே தெரியாது" என்றார் உபைதுல்லா. காலண்டர் அட்டை வியாபாரி, கழகத்தின் செயலாளர். உறுப்பினரும் அவரே.

"அவருக்குத் தெரியாதுல்ல? அப்ப யாரு வேணாலும் இருக்கலாம்."

"நான்கூட இருக்கலாம்."

"நீரு வேணாம் பாய். மீசையுள்ள ஆளாப் பாரும். படம் எடுப்பாக."

மீசைக்காக ஆண்டிச்சாமி அகப்பட்டார். ஆமத்தூரிலிருந்து தினமும் கம்பெனி வேனில் பட்டாசு வேலைக்குப் போகிறவர். சீனிவாசகம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தே விசாரித்தார்.

"ஒங்க பாட்டனுக்குப் பாட்டன் கூடப் பெறந்தவுக உண்டா?"

"தெரியாதுங்க மொதலாளி."

"இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"அதுல ஒருத்தரு கப்பல் ஏறியிருக்கலாம்ல?"

ஆண்டிச்சாமி யோசித்தார். "ஏறியிருந்தா எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறியிருப்பாகளே."

ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலில் ஆண்டிச்சாமியின் மகள் பொன்மணிக்குக் காதுகுத்து. மூன்று வருஷமாகத் தள்ளிப்போன நேர்த்திக்கடன். சொந்தபந்தம் போய்வர அச்சகத்து வேனைத் தருவதாகச் சீனிவாசகம் சொன்னதும், கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பல் ஏறியது ஆண்டிச்சாமிக்கு லேசாக ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை ஆமத்தூரில் பந்தல், மைக், வாசலில் பத்தாயிரம் வாலா. வேலாயுடோம் காரை விட்டு இறங்கினார். மை போட்டுப் படிய வாரிய தலை, பட்டு வேட்டி. ஆண்டிச்சாமியைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். படம் சரியாக விழவில்லை என்று கேமராக்காரர் சொன்னதால் இன்னொரு முறை ஓடிவந்து கட்டிக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்தார். கோயில் வகுப்பில் கற்ற தமிழ்.

"என் ரத்தத்தின் ரத்தமே. சென்ற வாரம்தான் என் தந்தை கண்ணை மூடினார். கடைசி மூச்சில் அவர் சொன்ன சொல் ஒன்றே ஒன்று. ஆமத்தூர்."

 பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சீனிவாசகமே கைக்குட்டையைத் தேடினார். தூதரக டிரைவர் பிரபாகரன் மட்டும் காரில் சாய்ந்து நின்று வடை தின்றுகொண்டிருந்தார்.

ஆண்டிச்சாமியின் மனைவி மாரித்தாய் மெதுவாகத் தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே போட்டாள். உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். விருந்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த குழம்பின் அடுப்பை அணைத்தாள்.

"என்னம்மா பண்றீக?" என்று பதறிப்போய் வந்தார் சீனிவாசகம்.

"பங்காளி வீட்டுச் சாவு. தீட்டு. ஞாயித்துக்கெளம காதுகுத்துக் கெடையாது."

"அட, இது சும்மா சொன்ன பங்காளிதானம்மா."

"நமக்குள்ளதான் சும்மா. மைக்கில சொல்லி ஊரு கேட்டுருச்சு. இருக்கன்குடி ஆத்தாளுக்கு மட்டும் கேக்காதா? தீட்டோட பிள்ளையக் கூட்டிப்போய் நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?"

அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று வருஷம் காத்திருந்த காது. ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வேலாயுடோம், "விருந்து எப்போது?" என்று உபைதுல்லாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டினியோடு திரும்பும் அதிகாரி எந்தப் பரிந்துரையிலும் கையெழுத்துப் போடமாட்டார். சீனிவாசகம் உபைதுல்லாவைத் தனியே இழுத்துப்போனார்.

"பாய், பங்காளி இல்லாம மாமன் மச்சான் முறையின்னா தீட்டு உண்டா?"

"என்னைக் கேக்கறீகளே அண்ணாச்சி. அந்தா கருப்பணன் இருக்காக."

கருப்பணன் ஆமத்தூரில் நல்லது கெட்டதுக்கு முறை சொல்லும் பெரியவர். "மாமன் முறைன்னா தலைக்குத் தண்ணி ஊத்துனாப் போதும்" என்றார்.

சீனிவாசகம் மைக்கை எடுத்தார். "ஒரு சிறு திருத்தம். கழகத்தின் ஆய்வில் இப்போது தெரியவந்தது என்னவென்றால், மாண்புமிகு விருந்தினர் ஆண்டிச்சாமிக்குப் பங்காளி அல்ல. மாரித்தாய்க்குத் தாய்வழியில் அண்ணன் முறை. அதாவது குழந்தை பொன்மணிக்கு மூத்த தாய்மாமன்."

கைதட்டினார்கள். மாரித்தாய் தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். உபைதுல்லா, மடியில் வைத்துக் காது குத்தும் முறையை வேலாயுடோமுக்கு விளக்கினார். அவர் முகம் மலர்ந்தது.

"அற்புதமான படம். ஞாயிறு வரை தங்குகிறேன். குழந்தை என் மடியில் அமரட்டும்."

அப்போதுதான் பந்தலின் பின்வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. மாரித்தாயின் தம்பி பாண்டி எழுந்து நின்றான். தோடு, பட்டுப்பாவாடை, கிடா என்று எல்லாச் சீரும் தயாராக வைத்திருப்பவன்.

"அப்ப நான் ஆரு?"

"நீயும் மாமன்தானப்பா. இளைய மாமன்" என்றார் சீனிவாசகம்.

"மூத்தவரு எங்கேருந்து வந்தாரு? எங்காத்தா எனக்கு முன்னாடி கப்பல்ல ஒண்ணப் பெத்துப் போட்டாளா?"

"ஏலே, மரியாதையாப் பேசு. வெளிநாட்டு விருந்தாளி."

"விருந்தாளிக்கு எலையப் போடுங்க. எம்மருமவளப் போடாதீக. மூத்த மாமன்னா மூத்த சீரு எங்க?"

வேலாயுடோம் கொண்டுவந்திருந்தது மரத்தில் செய்த ஒரு கப்பல் பொம்மை. பாண்டி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இத எந்தக் காதுல மாட்ட?"

அரைமணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், தோடும் சீரும் பாண்டியுடையது, மடி மட்டும் தீவுடையது, படத்தில் இருவரும் நிற்பது என்று உடன்பாடு ஆனது. சீனிவாசகத்துக்கு மூச்சு வந்தது. இரண்டு நாடுகளுக்கு நடுவே இதைவிடப் பெரிதாக ஒருவர் என்ன செய்துவிட முடியும்?

பந்தி போட்டார்கள். பாயசத்தை ஊற்ற வந்த மாரித்தாய் வேலாயுடோம் முன்னால் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"பெரியையா, எங்களுக்குத் தீட்டு கழிஞ்சிருச்சு. சரி. இவுக அப்பனப் பறிகொடுத்த சொந்த மகன். இவுகளுக்கு?"

கருப்பணன் இலையிலிருந்து கையை எடுத்தார். "அவருக்கு எப்பிடிக் கழியும்? கருமாதி முடியாம அவரு கோயில் வாசலையே மிதிக்கக் கூடாதே. பிள்ளைய மடியில வைக்கவா?"

"அப்ப என்ன பெரியவரே செய்ய?" சீனிவாசகத்தின் குரல் தூதர் குரலாக இல்லை.

"கம்பெனி லீவு குடுக்க மாட்டேங்கறாகன்னு இப்பல்லாம் மூணாம் நாளே முடிச்சிருதாக. இன்னைக்கே மொட்டையப் போட்டு, மீசைய எடுத்து, கெணத்தடியில குளிச்சிட்டா முடிஞ்சுபோச்சு. கதிரவன் சலூன் இந்தா இருக்கு."

உபைதுல்லா இதை எடுத்துச் சொன்னதும் வேலாயுடோமின் முகம் வெளுத்துவிட்டது. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தந்தைக்காக மொட்டையா? வேண்டாம். என்னால் முடியாது. அது கூடாது. அபசகுனம்."

"அப்பனுக்கு மகன் செய்யறது என்னய்யா அபசகுனம்?" என்றார் கருப்பணன்.

"வேண்டாம்" என்றார் வேலாயுடோம் மறுபடியும், யார் முகத்தையும் பார்க்காமல். "நான் இன்றே புறப்படுகிறேன். மற்றதைப் பிறகு கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம்."

எத்தனையோ பார்ட்டிகளுக்குப் பாக்கி விஷயத்தில் சீனிவாசகமே எழுதுவதாகச் சொன்ன கடிதம்தான் அது. ஈரோட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் லோடு அவர் கண்முன் வந்தது. தங்க எழுத்து வந்தது. அவர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, அவசரப்பட வேண்டாம். தூதர் என்பவர் யார்? அந்த நாட்டின் இடத்தில் நிற்பவர். அந்த நாட்டின் சுகத்தைத் தன் சுகமாகவும், அந்த நாட்டின் துக்கத்தைத் தன் துக்கமாகவும்..."

கருப்பணன் தலையாட்டினார். "அப்பச் சரி. அவுக எடத்துல நீங்களே மொட்டை போடுங்க."

மைக் கொஞ்ச நேரம் கிர்ரென்று தனியாகப் பேசியது.

"பெரியவரே, நான் வந்து..."

"நீங்கதான சொன்னீக. இல்ல, அது சும்மா பேச்சுக்குச் சொன்னதா?"

சீனிவாசகம் ஊரைப் பார்த்தார். பொன்மணி பட்டுப்பாவாடையை எடுத்து மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மாரித்தாய் கரண்டியோடு நின்றாள். வேலாயுடோம் அவரை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வையில் பரிந்துரைக் கடிதம் பாதி எழுதப்பட்டிருந்தது.

கிணற்றடியில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தார்கள். கதிரவன் பக்தியோடு தண்ணீர் தெளித்தான். காலண்டரில் அலையலையாக இருந்தது கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. மீசைக்கு வந்தபோது சீனிவாசகம் கையைக் காட்டினார்.

"இத விட்டுறலாமே."

"அது உங்க இஷ்டம் அண்ணாச்சி" என்றார் உபைதுல்லா. "ஆனா பாதித் தூதர்னு யாரும் காலண்டர் போடறதில்ல."

மீசையும் போயிற்று. ஊர் முறையாக அழுதது. முகம் தெரியாத, கடலுக்கு அப்பால் மறைந்த அந்தப் பெரியவருக்காகச் சீனிவாசகமும் அழுதார். கண்ணீரில் கலப்படம் இல்லை. கதிரவனின் கத்தி அவ்வளவு மொண்ணை. குடம் குடமாகத் தலையில் ஊற்றியதும் கருப்பணன் தீட்டு கழிந்ததாக அறிவித்தார். மாரித்தாய் கை எடுத்துக் கும்பிட்டாள். பாண்டிகூட ஒரு துண்டை நீட்டினான்.

வேலாயுடோம் ஈரத்தையும் பாராமல் அவரைக் கட்டிக்கொண்டார். இந்த முறை கேமராக்காரரைப் பார்க்கவில்லை.

"இன்றே எழுதுகிறேன். எங்கள் கௌரவத் தூதர் நீங்கள்தான். என் தந்தை இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் வேகமாகப் பந்தலுக்குள் போய்விட்டார். துக்கம் தாளவில்லை என்று ஊர் உச்சுக்கொட்டியது.

சீனிவாசகம் துண்டைப் போர்த்திக்கொண்டு தன் கார்ப் பக்கம் நடந்தார். தலையில் காற்று புதிதாகப் பட்டது. போனது மயிர்தான், வளர்ந்துவிடும். வந்தது பதவி. கார் முகப்பிலிருந்த கம்பியின் துணி உறையைத் தன் கையாலேயே உருவினார்.

பக்கத்துக் காரில் சாய்ந்திருந்த பிரபாகரன் வடைக் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக அருகில் வந்தார்.

"சார், நீங்க இந்த ஊர்க்காரரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சாத்தூர்ல எந்தக் கடைக் காரச்சேவு நல்லாருக்கும்? காலையில தீவுலேருந்து எங்க சாரோட அப்பா போன் பண்ணிக் கேட்டாரு. போன மாசம் திருநெல்வேலிப் பூர்வீகத்துல வாங்கி அனுப்புன அல்வா பல்லுல ஒட்டுதாம்."