வடகிழக்குப் பார்த்த தபால்பெட்டி

நான்கு மாதமாகச் சற்குணம்தான் புட்டு அவிக்கிறார்.

வெளிநாட்டில் அவர்கள் குடியிருக்கும் நோர்பரி வீட்டின் படியில் மனைவி நகுலேஸ்வரி வழுக்கி விழுந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக் கடிதம் அனுப்புவோம் என்றது ஆஸ்பத்திரி. அது வந்தால்தான் சற்குணத்துக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. கவுன்சில் கடிதம் வந்தது, பீட்சாக் கடை விளம்பரம் வந்தது. அது மட்டும் வரவில்லை.

"இஞ்சேருங்கோ, கதவு தெற்குப் பாத்தல்லோ கிடக்குது," என்றார் நகுலேஸ்வரி, செற்றியில் சாய்ந்து காலை நீட்டியபடி. "யமன்ர திசை. அதில கடிதம் போடுற ஓட்டைக்குள்ளால நல்ல சேதி வருமே?"

சற்குணத்துக்கு அது நியாயமாகவே பட்டது. சனிக்கிழமை ஒரு தபால்பெட்டியும் கம்பமும் வாங்கி வந்தார். கதவில் கடிதம் போடும் ஓட்டையைப் பலகை வைத்து அறைந்து மூடினார். ராகுகாலம் கழிய, முன்வளவின் வடகிழக்கு மூலையில் குழி தோண்டி, கொங்கிரீட் போட்டு, பெட்டி வடகிழக்குப் பார்க்கக் கம்பத்தை நட்டார்.

கொங்கிரீட் இறுகிய பிறகுதான் பார்த்தார், பெட்டியின் வாய் பக்கத்து வீட்டுச் செடிவேலிக்குள் இருந்தது.

"திருப்பி வைக்கட்டே?"

"வைச்சால் வடகிழக்கும் சேர்ந்து திரும்புமோ?"

சற்குணம் வேலியை வெட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் அன்றோடு அவரோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

"புதுசாய் நட்டதை மொட்டையாய் விடக்கூடாது. ஒரு பொட்டாவது வையுங்கோ," என்றார் நகுலேஸ்வரி. சற்குணம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு மாலையும் போட்டார். மறுநாள் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டது. வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தால், உள்ளே பதினொரு வேண்டுதல்கள். விசாவுக்கு ஏழு, பிள்ளைவரம் கேட்டு மூன்று, டிரைவிங் டெஸ்டுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பெயர், நட்சத்திரம், போஸ்ட்கோட்.

"சக்தியுள்ள பெட்டிதான்," என்றார் நகுலேஸ்வரி. "அதுசரி, இண்டைக்குப் புட்டுக்குத் தேங்காய்ப்பூ காணாது."

சற்குணம் வெட்கம் பார்க்கவில்லை. ஒரு துண்டில், 'என் மனைவியின் முழங்காலுக்கு விரைவில் நாள் கிடைக்க வேண்டும். இப்படிக்கு, சற்குணம், சித்திரை நட்சத்திரம்' என்று எழுதித் தானும் போட்டார். எழுதும்போது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அவள் நடப்பதைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

திங்கட்கிழமை லீவு போட்டார்.

"என்னத்துக்கு லீவு? நீங்கள் ஷிப்டுக்குப் போங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்," என்று நகுலேஸ்வரி மூன்று தரம் சொன்னார்.

"நீர் காலை அசைக்காமல் இரும்," என்று சொல்லிவிட்டுச் சற்குணம் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

பத்து மணிக்குத் தபால்காரர் பெனடிக்ற் வந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"தம்பி, ஆஸ்பத்திரிக் கடிதம் ஏதும் வந்ததே?"

"இண்டைக்கு இல்லை அண்ணை. முந்தி வந்த மூண்டையும் குடுத்திட்டன்."

"ஆரிட்ட?"

"அக்காட்டத்தான். நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு சந்தி வரைக்கும் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போறவ. என்ன ஓட்டம் அண்ணை!"