ஜெராக்ஸ் அக்காவின் போலீஸ் பிளேட்டுகள்

போலீஸ் ஜீப்பைக் கண்டு ஓடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜீப்பை நோக்கி ஓடுகிற ஒரே பிறவியை நான் பார்த்தது திண்டிவனத்தில்தான். ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஏட்டா, எஸ்.ஐ.யா என்று ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். நேராக வண்டிக்கு முன்னால் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். பிறகு பின்னால் போய் அங்கேயும் குனிவார். நிமிரும்போது முகத்தில் கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைத்தவரின் திருப்தி இருக்கும்.

அவரை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் சொல்வோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு மேலே ஒற்றை அறை. உரக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக நான் அந்த ஊருக்குப் போனபோது அந்த அறையில்தான் குடியேறினேன். வாடகை பேசப் போன அன்று அக்கா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உங்க சொந்தக்காரங்க யாராச்சும் போலீஸ்ல கீறாங்களா?"

"இல்லக்கா" என்றேன், நல்ல பதில் சொன்ன நினைப்பில்.

அக்காவின் முகம் வாடிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தால் காரணம் புரியும். மற்ற வீடுகளில் சாமி படமும் காலண்டரும் மாட்டுகிற சுவரில் இங்கே தரையிலிருந்து கூரை வரை போலீஸ் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகள். எல்லாம் ஓடி ஓய்ந்து, இனி ஓடாது என்று அரசாங்கம் 'கண்டம்' செய்து கழித்து, ஏலத்தில் போன வண்டிகளுடையவை. ஏலம் எடுத்தவர் வேறு நம்பர் வாங்கிக்கொள்வார். பழைய பிளேட்டு குப்பைக்குப் போகும். அந்தக் குப்பைதான் அக்காவின் சுவருக்கு வந்து சேரும்.

இந்த வீட்டில்தான் கண்டக்டர் மாமாவும் குடியிருந்தார் என்பது கடவுளின் விளையாட்டு. அக்காவின் கணவர். திண்டிவனம் - விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு தப்பும் செய்யாமலே போலீஸுக்குப் பயந்து வாழ்ந்தவர். ஜீப் நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்கு வருவார். ஒருமுறை பஸ்ஸில் காக்கி பேன்ட் போட்ட ஒருவருக்குத் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு விழுப்புரம் வரை நின்றுகொண்டே போனார். இறங்கும்போது அந்த ஆள், "நான் கரண்ட் ஆபீஸ்ங்க" என்றாராம். அவரே காக்கிதான் போடுகிறவர். கண்ணாடியில் திடீரென்று தன்னைப் பார்த்தாலே திடுக்கிடுவார் என்று அக்கா சொல்வார்.

ஆனால் முதல் பிளேட்டைக் கொண்டுவந்தவர் மாமாதான். ஒரு மழைக்காலத்தில் ஜெராக்ஸ் மெஷினுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. மாமா காயலான் கடையிலிருந்து ஒரு தகரத்தை வாங்கி வந்து அடைத்தார். மழை விட்டதும் அக்கா கழற்றிப் பார்த்தால் அது ஒரு போலீஸ் ஜீப்பின் நம்பர் பிளேட்டு; மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். வெள்ளை பெயின்ட் உரிந்தது. அடியில் கறுப்பு வந்தது. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தில் அதே நம்பர் மறுபடியும் இருந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் குரல் தணிந்துவிடும். "முன்னெல்லாம் கறுப்பு பிளேட்டு, வெள்ள எழுத்து தம்பி. அப்புறம் சட்டத்த மாத்தி, வெள்ள பிளேட்டுல கறுப்பு எழுத்துன்னு வச்சாங்க. இந்த வண்டிக்கு பெயின்ட் அடிச்சவன் புதுத் தகரம் வாங்கல. பழசு மேலயே அடிச்சிட்டான். ஒரே தகரத்துல ரெண்டு காலம் படுத்துக்கினு கீது."

அன்று தொடங்கியது அக்காவின் சேகரிப்பு; அதோடு மாமா மாட்டிக்கொண்டார்.

அக்கா மேல்மலையனூருக்கு அமாவாசை தவறாமல் போவார். தெருவே அவருடைய அங்காளம்மன் பக்தியைப் பார்த்துக் கைகூப்பும். உண்மை என்னவென்றால், அமாவாசைக் கூட்டத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்து வண்டிகள் வரும். அத்தனை போலீஸ் வண்டி ஒரே இடத்தில் வரிசையாக நிற்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

"அம்மன நல்லா பாத்தியா?" என்று மாமா கேட்பார்.

"பாத்தேங்க. கடலூர் வண்டி வந்துகீது. வேலூர் வண்டிக்கு முன்னாடி பிளேட்டு வளைஞ்சி போயிருக்குது. யாரும் கண்டுக்கல."

கடைக்கு நகல் எடுக்க வரும் போலீஸ்காரர்களையும் விட மாட்டார். பேப்பரை மெஷினில் வைத்துவிட்டு வெளியே போய் ஜீப்பைச் சுற்றி வருவார். திரும்பி வந்து, "சார், இந்த வண்டி எப்ப கண்டம் ஆவும்?" என்பார்.

"ஏம்மா, நான் இன்னும் இதுல ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போவணும்மா" என்பார் அவர்.

விழுப்புரத்தில் ஆயுதப்படை மைதானத்தில் கழித்த வண்டிகளை ஏலம் விட்டபோது என் பைக்கில்தான் அக்கா வந்தார். சுற்றிலும் காயலான் கடைக்காரர்கள். எல்லோரும் இன்ஜினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் பம்பரைத் தடவிக்கொண்டிருந்தார். அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்.

"எந்த வண்டிம்மா வேணும்?"

"வண்டி வாணாங்க. பிளேட்டு மட்டும் குடுங்க."

"ஏம்மா, மாட்ட வுட்டுட்டு கொம்ப மட்டும் எப்படிம்மா ஏலம் வுடறது?"

அக்கா சளைக்கவில்லை. முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு காயலான் கடைக்காரரைப் பிடித்தார். அவர் எடுக்கிற வண்டிகளின் பிளேட்டெல்லாம் அக்காவுக்கு. அவர் பிள்ளைகளின் சர்ட்டிஃபிகேட்டெல்லாம் இலவச ஜெராக்ஸ். அன்று திரும்பி வரும்போது பிளேட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வந்த இடத்திலெல்லாம், "மெதுவா தம்பி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவருடைய மிகப் பெரிய வேட்டை வானூர்ப் பக்கம் நடந்தது. உரம் சம்பந்தமாக நான் போன ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், மோட்டார் கொட்டகைக் கதவில் ஒரு கறுப்புத் தகரம் அடித்திருந்தது. எம்.எஸ். என்று ஆரம்பிக்கிற நம்பர். மேலே மங்கிப்போய் 'போலீஸ்' என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அக்கா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"எம்மெஸ்ஸா? மெட்ராஸ் மாநிலம்னு இருந்த காலத்து எழுத்து தம்பி அது. தமிழ்நாடுன்னு பேரு வச்சப்புறம்தான் டி.என். வந்துது. கௌம்புங்க."

கொல்லைக்காரர் கொடுக்க மறுத்தார். "அந்தக் காலத்துல எங்கப்பா ஏலத்துல ஜீப்பு வாங்குனப்போ வந்ததும்மா. இத பாத்துதான் மோட்டார் திருடறவன் உள்ள வரமாட்டேன்றான். எடுத்துக்கினு போய்ட்டா எனக்கு யாரு காவல்?"

அக்கா யோசித்தார். மறுநாளே டி.என். 32 ஜி என்று அரசு வண்டி நம்பர் பளிச்சென்று இருந்த ஒரு பிளேட்டோடு போனார். "அது பழைய போலீசு, பென்ஷன் வாங்கினு கீது. இது டூட்டில இருந்த போலீசு. இன்னும் பயப்படுவான்." கொல்லைக்காரருக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. மாற்றிக்கொண்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் அந்தச் சுவரைப் படம் எடுத்துத் தன் வாட்ஸப்பில் வைத்தார். அந்தச் சமயத்தில் காரில் 'காவல்' என்று எழுதிக்கொண்டு ஒருவன் பைபாஸில் வண்டிகளை மடக்கி ஏமாற்றுவதாகப் பேச்சு இருந்தது. படம் யார் யாருக்கோ போய், ஒரு நாள் மதியம் வாசலில் ஜீப் வந்து நின்றது.

புதிதாக வந்திருந்த இளம் எஸ்.ஐ. உள்ளே வந்தார். அக்காவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தன் சுவரைப் பார்க்க முதல்முறையாக ஒரு போலீஸ்காரர் வந்திருக்கிறார்.

"ஒக்காருங்க சார். டீ போடறேன். மொதல்ல இந்த எம்மெஸ்ஸ பாருங்க."

எஸ்.ஐ. உட்காரவில்லை. "ஹைவேல ஒருத்தன் போலீஸ்னு சொல்லி ஏமாத்திக்கிட்டு இருக்காம்மா. உங்க வீட்டுச் சுவர் முழுக்கப் போலீஸ் நம்பர். நான் என்ன நினைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. டீ டம்ளர் கையிலேயே நின்றது. கான்ஸ்டபிள்கள் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஜீப்பில் அடுக்கினார்கள். அக்காவையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஜீப்பில் ஏற்றினார்கள்.

டூட்டி முடிந்து வந்த மாமா தெருமுனையில் ஜீப்பைப் பார்த்து நின்றுவிட்டார். அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நேராக வந்தார். "நானும் வர்றேன் சார். மொத தகரத்த கொண்டாந்தது நான்தான்" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். நான் பைக்கில் பின்னால் போனேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், ஏலம் நடத்திய விழுப்புரம் ஆயுதப்படைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவரின் சிரிப்பு எங்களுக்கே கேட்டது. "பிளேட்டம்மாவா? ஏலத்துக்கு வந்து ஜீப்பு வாணாம்னு சொன்ன ஒரே ஆளு சார் அவங்க."

சந்தேகம் தீர்ந்தது. சிக்கல் தீரவில்லை. "உங்க மேல தப்பு இல்லம்மா. ஆனா நாளைக்கு யாராவது இத திருடி வண்டியில மாட்டினா? அப்படியே திருப்பித் தர முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர். கொஞ்சம் யோசித்து, "எல்லாத்து மேலயும் செவப்பு பெயின்ட்டுல நகல்னு பெருசா எழுதிடலாமா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்துவிட்டார். "ஒரிஜினல் மேல நகல்னு எழுதிட்டு, நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு ஜெராக்ஸ் கடைய தொறக்கறது சார்?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடைசியில், நம்பர் மேல் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட வேண்டும் என்று முடிவானது. ஓட்டை போட்டதை எடுத்துக்கொண்டு போகலாம்.

"அப்ப நீங்களே வச்சிக்குங்க சார்" என்று அக்கா வெளியே நடந்தார்.

"நான் போடறேன் சார்" என்றார் மாமா.

பக்கத்துப் பட்டறையிலிருந்து டிரில்லிங் மெஷின் வந்தது. வாழ்நாளெல்லாம் எந்த வாசலைத் தவிர்த்தாரோ அந்தப் போலீஸ் ஸ்டேஷன் வராண்டாவில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பிளேட்டையும் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் ஓட்டை போட்டார்.

மேற்பார்வைக்கு நின்ற எஸ்.ஐ. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தார். எல்லா ஓட்டையும் பூஜ்யத்தின் வயிற்றுக்குள்ளேயே விழுந்திருந்தது. பூஜ்யம் இல்லாத இடத்தில் எட்டின் வட்டம், ஆறின் அடி, ஒன்பதின் தலை. எழுத்தில் ஒரு கீறல் கிடையாது.

"என்னய்யா இது? ஓட்டைக்குள்ளயே ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "நம்பர் மேல ஓட்ட போட சொன்னீங்க சார். நம்பர்ல எங்கன்னு சொல்லலியே."

எஸ்.ஐ. யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே போய்விட்டார். வட்டமே இல்லாமல், வெறும் ஒன்றும் ஏழுமாக இருந்த ஒரு பிளேட்டை மட்டும் மாமா கடைசி வரை ஒதுக்கி வைத்திருந்தார். அதை எடுத்து அக்காவைப் பார்த்தார். அக்கா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டு, "போடுங்க. நான் பாக்கல" என்றார்.

எல்லாம் மறுபடியும் சுவருக்கு வந்தன. "முன்ன கம்பி கட்டி மாட்டணும். இப்ப ஆணி நேரா உள்ள பூந்துக்குது" என்று அக்கா ஒரே வாரத்தில் சமாதானமாகிவிட்டார். அடுத்த அமாவாசைக்கு மாமா லீவு போட்டுவிட்டு மேல்மலையனூருக்குக் கூடவே போனார். போலீஸ் வண்டிகள் நிற்கிற இடத்தில் அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு, ஒரு எட்டுத் தள்ளியே நின்றாராம். பரவாயில்லை, முன்னேற்றம்தான்.

இப்போது வருகிற பாதுகாப்பு நம்பர் பிளேட்டுகளைக் கழற்றினால் பூட்டு உடைந்துவிடும். கழற்றியதையும் அழித்துவிட வேண்டும் என்கிறார்கள். இனிச் சுவருக்குப் புது வரவு கிடையாது. அக்கா அதற்காக நிறுத்திவிடவில்லை. வேலை மாற்றலாகி நான் விழுப்புரம் வந்துவிட்டதால், வழியில் பார்க்கிற போலீஸ் வண்டிகளின் படத்தை அவருக்கு அனுப்புவது என் பொறுப்பு.

போன வாரம் ஒரு மீட்டிங்குக்கு அவசரமாகப் போகும்போது நான்குமுனை சந்திப்பில் ஒரு போலீஸ் வேன் நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது.

"இத ஏற்கெனவே பாத்துட்டேன் தம்பி. வேற ஏதனா வந்தா அனுப்புங்க."

மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, அடுத்த போலீஸ் வண்டி வரட்டும் என்று நின்றேன்.