கூரை ஏறிய முள்ளம்பன்றி

மனிதகுலம் அறிவைத் தேடிச் சென்ற பாதைகளிலேயே மிக உன்னதமானது எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: நூறு கஜ நீளமுள்ள ஒரு புல்தரை. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர்களை மோதித் தள்ளிக்கொண்டு ஓடுகிற இளைஞன்தான் உயர்கல்வியின் ஒளிவிளக்கு.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் லோர்னா கிராட்ஸ், வில்லோ பிளெயின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகர். அதைவிட முக்கியமாக, எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணியான 'முள்ளம்பன்றிகளின்' பயிற்சியாளர் வெண்டல் கிராட்ஸின் மனைவி. ஊரே அவரை 'கோச்' என்றுதான் கூப்பிடும். எங்கள் திருமணத்தில் பாதிரியாரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த ஆண்டு நவம்பருக்குள் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்றிருந்தோம். பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. "இந்த வெற்றி நம் வேதியியல் துறையின் தரத்தை நாடறியச் செய்துவிட்டது" என்று பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் ஃப்ளாயிட் பெண்டர்கிராஸ் தொலைக்காட்சியில் முழங்கினார். வேதியியல் துறையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நீண்ட விடுப்பில்.

எனக்கு மட்டும் ஒரே ஒரு சின்னக் குறை. நூலகத்தின் கூரை ஒழுகியது. மழை வந்தால் இருபத்தேழு வாளிகள் வைப்போம். புவியியல் பிரிவில் நிஜமாகவே ஓர் ஏரி உருவாகியிருந்தது. தத்துவப் பிரிவில் மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு படித்தார்கள். மூன்று ஆண்டுகள், நான்கு துணைக்குழுக்கள், ஒரு 'ஈரப்பத ஆய்வறிக்கை' ஆகியவற்றுக்குப் பிறகு ஆட்சிக்குழு கடைசியில் கூரைக்கு ஒப்புதல் கொடுத்தது. திங்கட்கிழமை வேலையாட்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்காக நான் பெக்கான் கொட்டை போட்ட 'பை' பலகாரம் இரண்டு சுட்டு வைத்திருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் எங்கள் அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, எங்கள் மகள் ஜூனிக்கு ஹார்லன் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஆண் குழந்தை பிறந்தது. ஜூனிக்கு அப்பா மேல் ஒரு வருத்தம் உண்டு. விவரம் தெரியாமல் அவள், ஆட்டம் நடக்கும் ஓர் அக்டோபர் சனிக்கிழமையில் கல்யாணம் வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அக்டோபர் சனிக்கிழமையில் யாரும் சாகக்கூட மாட்டார்கள். அப்பா வரவில்லை. மாப்பிள்ளை பாதி நேரம்தான் இருந்தார்.

"இந்தத் தடவையாவது போயிட்டு வாங்க வெண்டல்" என்றேன்.

"போறேன் லோர்னா. பயலோட தோள் அகலம் எப்படியிருக்குன்னு நானே பாத்தாத்தான் தெரியும்."

மாட்டுத்தீவன வியாபாரி பட்டி ஸ்ட்ரூப் தன் சின்ன விமானத்தை இரவல் கொடுத்தார். வியாழக்கிழமை காலை வெண்டல் கிளம்பினார்.

இங்கேதான் எங்கள் ரசிகர்களின் ஆராய்ச்சித் திறனை நான் போற்றியாக வேண்டும். இந்த நாட்டில் பயிற்சியாளர்களை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் நவம்பரில்தான் சூடுபிடிக்கும். அப்போது எந்தப் பணக்காரரின் விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்பதை ரசிகர்கள் கைப்பேசியில் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் இந்தத் துறையின் தலைவர் பல் மருத்துவர் லைல் ஹூபர். பட்டி ஸ்ட்ரூப்பின் விமானம் ஹார்லன் ஸ்பிரிங்ஸில் இறங்கி அங்கேயே நிற்பதைப் பார்த்ததும், வாய் திறந்த நிலையில் இருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு அவர் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்.

"ஹார்லன் ஸ்பிரிங்ஸ்! அங்க இருக்கிற பெரிய யுனிவர்சிட்டி போன ஞாயித்துக்கிழமைதான் கோச்சை வீட்டுக்கு அனுப்புச்சு. இது தற்செயலா?"

"பேரன் பொறந்திருக்கான் லைல்."

"விமானம் இறங்கி மூணு மணி நேரம் ஆச்சு. மூணு மணி நேரமா யாராவது குழந்தையப் பாப்பாங்களா?"

"நான் பாப்பேன்."

"நீங்க பாப்பீங்க. கோச் பாப்பாரா?"

இருபத்தெட்டு ஆண்டு மணவாழ்க்கை என் பக்கம் சாட்சி சொல்ல மறுத்துவிட்டது.

அடுத்து டாக்டர் பெண்டர்கிராஸ் தொலைபேசியில் வந்தார்.

"லோர்னா, என்கிட்ட மறைக்காதீங்க. அவங்க எவ்வளவு தர்றாங்க?"

"யாரும் எதுவும் தரலை டாக்டர். பேரன்."

"பேரன்... ஆஹா, என்ன ஒரு உத்தி! யார் கொடுத்த யோசனை, அவரோட ஏஜென்டா?"

நொந்துபோய் குழந்தையின் படத்தை அனுப்பிவைத்தேன். அதுதான் நான் செய்த தவறு. மருத்துவமனையில் குழந்தையை ஆரஞ்சு நிறப் போர்வையில் சுற்றியிருந்தார்கள். ஆரஞ்சு, ஹார்லன் ஸ்பிரிங்ஸ் அணியின் நிறம். அந்த ஊரில் சவப்பெட்டி கூட ஆரஞ்சில்தான் கிடைக்கும்.

ஆட்சிக்குழு அவசரமாகக் கூடியது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சட்ட ஆலோசகர் போர்வையின் மடிப்புகளை ஆராய்ந்தார். "குழந்தையோட முகத்துல ஏற்கெனவே ஒரு முடிவு தெரியுது" என்றார் ஓர் உறுப்பினர். கூரைக்கு மூன்று ஆண்டுகள் யோசித்த அதே குழு, பதினொரு நிமிடத்தில் தீர்மானம் நிறைவேற்றியது: கோச்சுக்குப் பத்தாண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு எழுபது லட்சம் டாலர். அணியின் உடைமாற்றும் அறையில் ஓர் அருவி. நிதி எங்கிருந்து? நூலகக் கூரையிலிருந்து.

"தண்ணி விழற இடத்தை மட்டும்தான் மாத்தறோம் லோர்னா" என்று டாக்டர் என்னைத் தேற்றினார்.

வெள்ளிக்கிழமை வெண்டல் திரும்பியபோது விமான நிலையத்தில் இரண்டாயிரம் பேர். பேண்டு வாத்தியம். முள்ளம்பன்றி வேடமிட்டவர் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். வெண்டல் தோளில் பால் கக்கிய கறையோடு படியிறங்கினார்.

"என்ன லோர்னா இவ்வளவு கூட்டம்? யாராவது செத்துட்டாங்களா?"

"நீங்க ஓடிப்போறீங்களாம்."

டாக்டர் பெண்டர்கிராஸ் ஒப்பந்தத்தை இரு கைகளாலும் நீட்டினார். "கோச், நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் போட்டுட்டோம்."

"நான் ஒண்ணும் கேக்கலையே டாக்டர்."

"பாத்தீங்களா, பிடி கொடுக்க மாட்டேங்கறார்!" என்று கூட்டத்திலிருந்து ஹூபர் கத்தினார். "இன்னும் போடுங்க டாக்டர்! கஞ்சத்தனம் பண்ணாதீங்க!"

நான் வெண்டலின் காதில் ஒரே ஒரு சொல் சொன்னேன். கூரை.

வெண்டல் தொண்டையைச் செருமினார். "டாக்டர், அந்த நூலகத்துக் கூரைய சரி பண்ணணும்."

வாத்தியம் நின்றது. டாக்டர் முகம் வெளுத்தது. "கூரையா? ஹார்லன் ஸ்பிரிங்ஸ்ல கூரையும் சேர்த்துத் தர்றாங்களா?"

வெண்டல் பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் யோசித்தார். "அங்க நூலகத்துக்குக் கூரை இருக்கு. கார்ல போறப்ப பாத்தேன்."

போதும். அங்கேயே, விமானத்தின் இறக்கையில் தாளை வைத்து, நாற்பத்தொன்றாவது பிரிவைச் சேர்த்தார்கள்: 'பயிற்சியாளரின் பணிக்காலத்தில் நூலகத்துக்குக் கூரை அமைத்துத் தரப்படும்.' அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கணவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். எத்தனையோ கோப்பைகள் வாங்கி வந்திருக்கிறார். எனக்காக வாங்கி வந்தது இதுதான் முதல் தடவை.

ஃபுட்பால் துறை பொறுப்பேற்றதால் வேலை அமர்க்களமாக நடந்தது. சாதாரண ஓடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தை வானத்திலிருந்து படமெடுப்பவர்களுக்குத் தெரியும்படி, கூரை முழுவதும் ஒரு ராட்சத முள்ளம்பன்றி. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அடுத்த அக்டோபருக்குள் வாலும் முதுகும் முடிந்து, விளையாட்டு நூல்கள் இருக்கும் கிழக்குப் பகுதி பூராவும் நனையாமல் ஆனது. தலை வர வேண்டியது தத்துவத்துக்கும் புவியியலுக்கும் மேலே.

அந்த அக்டோபரில் முள்ளம்பன்றிகள் தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றன.

நான்காவது தோல்விக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் தேவாலயத்திலிருந்து வருவதற்குள் எங்கள் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை நின்றது. எங்கள் வீட்டை நாங்கள் விற்கவில்லை. பல் மருத்துவர் ஹூபர்தான் சொந்தக் காசில் வாங்கி, சொந்தச் சுத்தியலால் அடித்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்திலேயே டாக்டர் பெண்டர்கிராஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"கோச், உங்க சேவைக்கு நன்றி. பல்கலைக்கழகம் வேற திசையில போக விரும்புது."

"எந்தத் திசையில டாக்டர்?" என்றார் வெண்டல்.

"ஜெயிக்கிற திசையில."

"கூரை?" என்றேன் நான்.

"அது கோச்சோட பணிக்காலத்துல மட்டும்தான் லோர்னா. நாப்பத்தொண்ணாவது பிரிவு தெளிவா சொல்லுதே." திங்கட்கிழமை ஏணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிய பயிற்சியாளருக்கு அருவி வெதுவெதுப்பாக வேண்டுமாம். அதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

நான் மனம் தளரவில்லை. புதிய பயிற்சியாளரின் மனைவி டாம்சினைத் தேநீருக்கு அழைத்து நெடுநேரம் பேசினேன். அவள் தங்கை தூரத்து ஊரில் இருக்கிறாள், அங்கேயும் பெரிய பல்கலைக்கழகம் உண்டு, அந்த அணியின் பயிற்சியாளர் தோற்றுத் தடுமாறிக்கொண்டிருக்கிறார். தங்கைக்கு நவம்பரில் பிரசவம். போர்வையின் நிறத்தை நானே தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். முள்ளம்பன்றிக்குத் தலை வந்துவிடும் என்று நம்பிக்கை இருக்கிறது.

வெண்டலுக்கு ஒரு குறையும் இல்லை. நீக்கினாலும், அவர் வேறெங்கும் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேராத வரை, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஒன்பது ஆண்டுகளுக்கும் முழுச் சம்பளம் வந்துகொண்டிருக்கும். சனிக்கிழமைகளில் பேரனைப் பார்க்கப் போகிறார். மற்ற நாட்களில் பொழுது போகாமல் நூலகத்துக்கு வந்து வாளிகளைக் காலி செய்கிறார். நாட்டிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்கும் வாளிக்காரர் எங்களிடம்தான் இருக்கிறார். மழை நின்றால் தத்துவப் பிரிவில் உட்கார்ந்து படிக்கிறார். ஈரத்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் மெதுவாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அவருக்கு நன்றாகப் புரிகிறது.

நேற்று குடையோடு வந்த ஒரு மாணவி அவரிடம் புத்தகத்தைக் காட்டினாள். "கோச், இந்தப் பத்தி புரியலை. கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

வெண்டல் படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சொல்ல வாயெடுத்தவர், ஏதோ நினைவு வந்து சட்டென்று மூடிக்கொண்டார்.

"புரியுதும்மா. நல்லாவே புரியுது. ஆனா நான் யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுத்தா அது வேலைன்னு ஆயிடும். சம்பளத்தை நிறுத்திடுவாங்க."

அவள் தலையாட்டிவிட்டு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனாள். வேறு ஆள் இல்லை. தத்துவப் பேராசிரியரைப் போன மாதம்தான், சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.