அடுப்படியில் குடியிருக்கும் சாட்சி

மரியாதைக்குரிய மச்சான் சுடலைமணி அவர்களுக்கு,

சாந்தன்பாறையிலிருந்து ராக்கப்பன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கை முருகேஸ்வரியும், போன மழையில் சுவரை உடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்த மண்ணும் சௌக்கியம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை.

மேடு சரிந்து நம் ஏலத்தோட்டம் மொத்தமும் பள்ளத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியும். உலகம் பூராவும் எண்ணெயும் கரியும் விற்று, புகைவிட்டு, மழையையே கெடுத்துவைத்த பெரிய கம்பெனிதான் இதற்குக் காரணம், அவன்மேல் கேஸ் போடலாம், ஜெயித்தால் பயமில்லாத இடத்தில் வீடு கட்டித்தருவது அவன் பொறுப்பு என்று சொல்லி வக்கீல் ஜின்சன் என்னிடம் கையெழுத்து வாங்கினார். வாங்கினவர், "சேட்டா, அந்த மண்ணை மட்டும் தொடவே கூடாது கேட்டோ, அதுதான் நம்ம சாட்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சாட்சியைத் தாண்டித்தான் உப்பெடுக்கிறோம். சாட்சிமேல் கீரை முளைத்தது, பறித்தால் கேஸ் கெட்டுவிடுமோ என்று அதையும் விட்டுவைத்தோம். வந்த சொந்தக்காரர்கள் ஏன் இன்னும் அள்ளலைன்னு கேட்க, அள்ளினா கம்பெனி தப்பிச்சிரும்னு நான் சொல்ல, எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று பூப்பாறை வரைக்கும் பேச்சாகிவிட்டது. கோர்ட்டில் கம்பெனி வக்கீல், பெய்த மழையில் எங்கள் கம்பெனி மழை எது, சாமி தந்த மழை எது, பிரித்துக் காட்டு என்கிறார். மழை என்ன பேர் எழுதிக்கிட்டா பெய்யுது? வானம் கறுத்தாலே உங்கள் தங்கை சாமான்களைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். மிச்ச மேடு அடுத்த மழைக்கு நிற்காது மச்சான். எனக்குப் பயமாயிருக்கு.

நாளைக் காலையில் கோர்ட் அனுப்புகிற கமிஷனர் நேரில் வந்து மண்ணைப் பார்க்கிறார். அவர் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் கம்பெனியால் வாயே திறக்க முடியாது என்கிறார் ஜின்சன்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. புதுவீட்டில் பால்காய்ச்சுக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ராக்கப்பன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். கமிஷனருக்குப் பாலும் மிக்சரும் வாங்கப் பூப்பாறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அடுப்படியில் மண் இல்லை. உங்கள் தங்கை பக்கத்து எஸ்டேட் லயத்துப் பெண்களைக் கூட்டிவந்து அத்தனையையும் வாரிப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, சுவர் ஓட்டையை என் கல்யாண வேட்டியால் மறைத்து, வாசலில் சாணம் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டாள். "கோர்ட்டுலருந்து பெரிய மனுசங்க வாராக, வீட்டை அந்த அலங்கோலத்துலயா காட்டச் சொல்றீக? நான் நாண்டுக்கிட்டுச் சாகவா?" என்கிறாள். வீட்டைப் பார்த்தால், நமக்கு ஒரு கேடும் வந்ததே இல்லை என்கிற மாதிரி அவ்வளவு லட்சணமாக இருக்கிறது.