எட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன்

இந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் மனைவி. சோபா, சீப்பு, நான், எல்லாமே அதில் அடக்கம். ஒரே ஒரு பொருள் மட்டும் என் ஆட்சியில் இருக்கிறது. என் பேஸ் கிதார் ஆம்ப்ளிஃபயரின் கெயின் குமிழ். அது எட்டில் இருக்கிறது. எட்டில்தான் இருக்கும். யார் வந்து கெஞ்சினாலும் சரி, மிஞ்சினாலும் சரி.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிதாரிலிருந்து வரும் சத்தத்தை எவ்வளவு முறுக்கேற்றி உள்ளே வாங்குவது என்பது கெயின். அதை வெளியே எவ்வளவு விடுவது என்பது மாஸ்டர். நடுவில் கனத்த ஒலிக்கும் நடு ஒலிக்கும் கீச்சொலிக்குமாக பேஸ், மிடில், ட்ரெபிள் என்று மூன்று குமிழ்கள். என் முறை எளிமையானது: கெயின் எட்டு, பேஸ் பத்து, மிடில் சைபர். மாஸ்டரை மட்டும், பெருந்தன்மையாக, இரண்டில் வைத்திருக்கிறேன். அதற்கே அலமாரியில் இருக்கும் கப்புகள் கைகோத்துக்கொண்டு நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். ஹால் மூலையில் உட்கார்ந்து ஒரு தந்தியைத் தட்டினால் இடி இடித்த மாதிரி இருக்கும். இடியைப் போய் யாராவது குறைக்கச் சொல்வார்களா?

என் மனைவி சொன்னாள்.

"ஏங்க, சத்தம் பெரிசா இருக்குன்னு நான் சொல்லல. கிழியுதுன்னு சொல்றேன். கெயினை எறக்குங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். காலையிலிருந்து மாலை வரை கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, குமிழைத் திருகித் திருகி "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. பின்வாங்க மூலையில் இடமும் இல்லை.

அப்போது பார்த்து எங்கள் ஆபீஸ் இசைக்குழுவின் டிரம்மர் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அவரை மத்தளம் என்று கூப்பிடுவோம். ஆண்டுவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

"சார், போன தடவை நீங்க வாசிச்சதுல பாடகி என்ன பாடினாங்கன்னு பாடகிக்கே தெரியல. நீங்க என்ன வாசிச்சீங்கன்னு எங்களுக்கும் தெரியல. வெறும் கொர்ர்ருன்னு ஒரு எரைச்சல். இந்தத் தடவையும் அப்படின்னா, நம்ம ஸ்டோர்ஸ்காரரும் பேஸ் வாசிப்பாரு, அவரைக் கூப்பிட்டுக்க வேண்டியதுதான்."

ஸ்டோர்ஸ்காரரா! பதினோரு வருஷமாக அந்த மேடையின் இடது பக்கம் என்னுடையது. ஆபீஸில் என் பெயரை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஒரு நாள் மாலையால்தான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் கோபமாக வெளியே வந்தது.

"எட்டுலதான் வாசிப்பேன்! எட்டுலயே பேர் வாங்கிக் காட்டறேன்! இந்தக் குமிழ் எட்டை விட்டு அசைஞ்சா, ஆம்ப்ளிஃபயரை நானே தூக்கிப் பரண்ல போட்டுடறேன்!"

"மத்தளம் அண்ணே, நீங்க சாட்சி" என்றாள் என் மனைவி.

"நான் சாட்சிங்க" என்றார் அந்தத் துரோகி.

அன்றிலிருந்து அவள் கெயின் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது அவள் ஆம்ப்ளிஃபயர் முன்னால் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் துணி, ஒரு கையில் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவர்.

"என்ன பண்றே?"

"தூசி தட்டினேங்க. ஒரு பொடி ஸ்க்ரூ விழுந்துடுச்சு. கண்ணு தெரிய மாட்டேங்குது."

பாவமாக இருந்தது. செல்போன் விளக்கைப் போட்டு, சோபாவுக்கு அடியில் தவழ்ந்து, அரிசிக் குருணை அளவு இருந்த அந்த ஸ்க்ரூவை நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் நெகிழ்ந்துபோனாள்.

"நீங்க இல்லேன்னா என்னால முடிஞ்சிருக்காதுங்க" என்றாள்.

தினமும் வாசித்தேன். குமிழ் எட்டில் நின்றது. நாளுக்கு நாள் என் வாசிப்பு மெருகேறிக்கொண்டே போனது. கப்புகள்கூட அடங்கி உட்கார்ந்தன. என் விரலுக்கு அவ்வளவு பக்குவம் வந்துவிட்டதென்று முடிவு கட்டினேன்.

விழாவன்று ஆம்ப்ளிஃபயரை மேடைக்குக் கொண்டுபோய் மாஸ்டரை மட்டும் ஏற்றினேன். பாடகி பாடினது கேட்டது. நான் வாசித்தது அதைவிட நன்றாகக் கேட்டது. மத்தளம் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"சார், ஒவ்வொரு சுரமும் தனித்தனியா விழுந்துது! அடுத்த வருஷமும் நீங்கதான்!"

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபயரைப் பழைய மூலையில் வைத்து, மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"பாரு. எத்தனையில இருக்கு?"

"எட்டுலங்க."

"தோத்துட்டேன்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க."

கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சுலபமாக எதையும் ஒத்துக்கொண்டதில்லை. குனிந்து பார்த்தேன். கெயின் குமிழின் விலாவில், அதை உள்ளே இருக்கும் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் ஒரு பொடி ஸ்க்ரூ மின்னியது. அரிசிக் குருணை அளவு.

"அன்னிக்கு நான் தேடிக் குடுத்தது... உன் கண்ணாடி ஸ்க்ரூதானே?"

"கண்ணாடின்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"அடிப்பாவி! உள்ள எத்தனையில இருக்கு?"

"மூணுல. தெனமும் குமிழைக் கழட்டி, உள்ள இருக்கற தண்டை அரைப் புள்ளி எறக்கிட்டு, முள்ளு எட்டைக் காட்டற மாதிரி திரும்ப மாட்டினேன். ஒரே நாள்ல எறக்கினா உங்க காது கண்டுபிடிச்சுடும். பத்து நாள்ல எறக்கினா, கண்ணு என்ன சொல்லுதோ அதைத்தான் காது கேக்கும். நான் எங்க சென்டர்ல தெனம் பாக்கற கேஸ்தாங்க நீங்க."

"மிடில்?"

"சைபர்னு காட்டும். அஞ்சுல இருக்கு."

ரத்தம் கொதித்தது. நான் யார் என்று காட்டும் நேரம் வந்துவிட்டது.

"இப்பவே நெஜமான எட்டுக்குத் திருப்பறேன் பார்!" என்று குமிழில் கை வைத்தேன்.

"தாராளமா திருப்புங்க. ஆனா குமிழ் எட்டை விட்டு அசைஞ்சா பரண்ல ஏத்தறேன்னு சொன்னீங்களே? ஏணி எடுத்துட்டு வரவா? மத்தளம் அண்ணனுக்குப் போன் போடவா?"

கையை எடுத்துவிட்டேன்.

இன்றுவரை குமிழ் எட்டில்தான் இருக்கிறது. நான்தான் மூன்றில் இருக்கிறேன்.